மல்லாட்டைக்குள் துவரை: எத்தனை சாலுக்கு ஒன்று?

மானாவாரி மல்லாட்டையில், அதாவது நிலக்கடலையில், துவரையும் ஆமணக்கும் கலந்து போடுவது எங்கள் பக்கத்துக்குப் புதிது இல்லை. திருவண்ணாமலை மாவட்டத்துச் செம்மண் மேடுகளில் ஆடிப்பட்டத்துக்கு ஏர் பிடித்த எந்தப் பெரியவரைக் கேட்டாலும், "துவரை போடாம மல்லாட்டை போடுவோமா?" என்றுதான் சொல்வார். எத்தனை சாலுக்கு, அதாவது எத்தனை விதைப்பு வரிசைக்கு, ஒரு துவரை என்று கேட்டால் மட்டும் ஆளுக்கு ஒரு கணக்கு வரும். ஒருவர் நாலு என்பார், இன்னொருவர் எட்டு என்பார், மூன்றாமவர் கை போன போக்கில் தூவியதாகச் சொல்வார். டிராக்டர் வந்தபின் இந்தக் கலப்பே மெல்ல ஒழிந்தது. இப்போது இயற்கை விவசாயக் கூட்டங்களில் "ஊடுபயிர் போடுங்கள்" என்று எல்லோரும் பேசுகிறார்கள். வரிசைக் கணக்கைச் சொல்கிறவர்தான் இல்லை.

அதனால் பி.ஜி.எஸ். என்கிற, விவசாயிகளே குழுவாகச் சேர்ந்து ஒருவரையொருவர் சரிபார்க்கும் இயற்கைச் சான்றுக்காகச் சேர்ந்திருந்த எங்கள் குழு, அந்தக் கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம் என்று முடிவு செய்தது. வேளாண் ஆராய்ச்சியில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வழிகாட்ட ஒப்புக்கொண்டார். எங்களுக்கு அவர் 'ஐயா'. அவர் முதலில் கேட்டது, "உங்களுக்கு என்ன தெரியணும்? மல்லாட்டை எவ்வளவு குறையும்னா, துவரை எவ்வளவு கிடைக்கும்னா, இல்ல ரெண்டும் சேர்ந்து லாபமான்னா?" மூன்றும் என்றோம். "அப்படின்னா தனித் துவரையும் போடணும்" என்றார். முதல் சண்டை அங்கேயே தொடங்கிவிட்டது.

தனி மல்லாட்டைக்கு ஒரு பாத்தி ஒதுக்க யாருக்கும் தயக்கம் இல்லை, எப்படியும் போடுவதுதானே. ஆனால் தனித் துவரைக்கு ஆறு மாதம் நிலத்தைக் கட்டிப்போட ஒருவரும் முன்வரவில்லை. குழுவிலேயே அதிக நிலம் வைத்திருக்கும் அக்கா நேராகவே சொல்லிவிட்டார்: "தம்பி, உங்க ஆராய்ச்சிக்கு நான் மல்லாட்டை வெளையிற எடத்துல துவரைய மட்டும் நட்டு வேடிக்கை பார்க்க முடியாது." அவர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் தனித் துவரை இல்லாவிட்டால் கலப்பில் கிடைக்கும் துவரை நிறைவா குறைவா என்று ஒப்பிட எதுவும் இருக்காது. கடைசியில் ஆளுக்கு இரண்டு சென்ட் என்று பேசி முடித்தோம். அக்காவும் கொடுத்தார், வரப்போரமாகப் பார்த்து. வரப்போரம் வேண்டாம், அங்கே வெயிலும் வேரோட்டமும் வேறு மாதிரி இருக்கும், ஒரு மீட்டராவது உள்ளே தள்ளிப் போடுங்கள் என்று ஐயா அதையும் மாற்ற வைத்தார்.

சோதனையின் அமைப்பு இதுதான். ஒரே ஒரு வயலில் எல்லா முறைகளும் இருக்கும்: தனி மல்லாட்டை, தனித் துவரை, பிறகு நாலு, ஆறு, எட்டு வரிசை மல்லாட்டைக்கு ஒரு வரிசை துவரை என 4:1, 6:1, 8:1. மற்ற வயல்களில் அவரவருக்குப் பிடித்த ஒன்றோ இரண்டோ கலப்பு முறைகளும், ஒப்பிடத் தனிப்பயிர்களும் மட்டும். எல்லா முறையும் இருக்கும் வயல் தாய், மற்றவை சேய்; இதைத் தாய்–சேய் சோதனை என்கிறார்கள். 1990களில் ஆப்பிரிக்காவின் மலாவியில் சிறு விவசாயிகளோடு சேர்ந்து ஆய்வு செய்தபோது உருவான முறை. எங்களைப் போன்றவர்களுக்கு இது நல்ல ஏற்பாடு. எல்லோரும் ஐந்து முறையும் போட வேண்டும் என்றால் குழு அன்றைக்கே கலைந்திருக்கும். ஒவ்வொரு வயலும் ஒரு மறுபதிவு, அதாவது அதே சோதனையை மறுபடி செய்தது, என்று வைத்துக்கொள்வதால், ஒருவர் வயலில் மாடு புகுந்து மேய்ந்தாலும் சோதனை முழுக்கப் பாழாகாது.

விதை மல்லாட்டைக்கு டி.எம்.வி. 7. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து வந்த பழைய கொத்து ரகம், 105 நாளில் கைக்கு வரும். துவரைக்கு ஆறு மாத நாட்டு விதை. இந்தத் துவரைத் தேர்வில்தான் விஷயமே இருக்கிறது. நெடுநாள் துவரை முதல் இரண்டு மாதம் மல்லாட்டைக்குப் பக்கத்தில் சோம்பலாகவே நிற்கும், வேரை மட்டும் கீழே இறக்கிக்கொண்டு. மல்லாட்டை பிடுங்கியபிறகுதான் கிளை விரித்து வளரும். இரண்டு பயிருக்கும் பசி எடுக்கும் காலம் வேறு வேறு. குழுவில் ஒருவர் பிடிவாதமாக 120, 130 நாளில் முடியும் குறுகிய காலத் துவரையைப் போட்டார். மல்லாட்டை காய் முற்றும் அதே நேரத்தில் அதுவும் கிளை கட்டி, பூத்து, நிழலைப் போட்டது. அவர் வயல் கணக்கைத் தனியாகத்தான் வைத்தோம், கூட்டுக் கணக்கில் சேர்க்கவில்லை.

இங்கே ஒரு விஷயம். ஊடுபயிர் என்றாலே பயறுவகை வேரில் தழைச்சத்தைப் பிடித்துப் பக்கத்துப் பயிருக்குக் கொடுக்கிறது என்று விளக்கம் சொல்வது வழக்கமாகிவிட்டது. கம்பு, எள், ஆமணக்கோடு பயறு போட்டால் அந்தப் பேச்சுக்கு இடம் உண்டு. மல்லாட்டையும் துவரையும் இரண்டுமே பயறுவகை, இரண்டின் வேரிலும் முடிச்சு இருக்கிறது. இந்த ஜோடியில் லாபம் என்று ஒன்று வந்தால் அது காலத்தையும் ஆழத்தையும் பங்கு போட்டுக்கொள்வதால் வருவது. செம்மண்ணுக்கு இன்னொன்றும் உண்டு. இரும்போடு ஒட்டிக் கிடக்கும் மணிச்சத்தை, அதாவது பாஸ்பரசை, துவரை வேரில் கசியும் ஒரு அமிலம் பிரித்தெடுக்கிறது என்று ஐதராபாத் பக்கத்தில் பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் என்ற பன்னாட்டு வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்த ஜப்பானிய ஆய்வாளர்கள் 1990இல் கண்டு சொன்னார்கள். வெளியில் இருந்து மணிச்சத்து வாங்கிப் போடாத இயற்கை வயலில் துவரை நிற்பதற்கு எனக்கு அதுவே போதுமான காரணம்.

கோடு போட்டதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்றவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

மல்லாட்டைக்கு வரிசை இடைவெளி 30 செ.மீ. ஆறு வரிசை மல்லாட்டை, ஒரு வரிசை துவரை என்றால் ஒரு துவரைக் கோட்டில் இருந்து அடுத்த துவரைக் கோடு 2.1 மீட்டர் தள்ளி வரும். ஊர்க் கொல்லரிடம் சொல்லி, வேப்பங்கட்டையில் எட்டு இரும்புப் பல் அடித்து ஒரு கோடு கிழிப்பான் செய்தோம். பல்லுக்குப் பல் 30 செ.மீ., முதல் பல்லுக்கும் கடைசிப் பல்லுக்கும் நடுவே சரியாக 2.1 மீட்டர். முதல் பல்லும் எட்டாம் பல்லும் துவரைக்கு, இடையில் ஆறும் மல்லாட்டைக்கு. அடுத்த ஓட்டத்தில் முதல் பல், ஏற்கெனவே கிழித்த கடைசிக் கோட்டிலேயே ஓட வேண்டும். அப்படி ஓட்டினால் வயல் முழுவதும் கணக்குத் தப்பாது. துவரைப் பற்களுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்தோம், விதை போடுகிறவர்களுக்குக் குழப்பம் வராமல் இருக்க. 4:1-க்கு 1.5 மீட்டரில் ஆறு பல் போதும். 8:1-க்கு 2.7 மீட்டர் வரும். அந்த நீளத்தில் கட்டையை இழுக்க இரண்டு ஆளும் போதவில்லை, அதற்குக் கயிறு கட்டித்தான் கோடு போட்டோம்.

அடியுரமாக ஏக்கருக்கு ஐந்து டன் மக்கிய தொழு உரம். எருவுக்காக ஆட்டுக்கிடை மறித்த வயல்களில் அதில் பாதி. விதைப் பருப்பை முதலில் ஒரு கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைப் பொடி போட்டுப் புரட்டினோம், வேரழுகலுக்காக. அப்புறம் ஆறிய கஞ்சியில் ரைசோபியம், பாஸ்போபாக்டீரியா என்ற நுண்ணுயிர் உரங்களைக் கலந்து பூசி, நிழலில் உலர்த்தினோம். நல்ல மழை ஒன்று பெய்து மண் பதமானதும் விதைப்பு. மல்லாட்டை வரிசையில் பத்து செ.மீ.க்கு ஒரு பருப்பு, துவரை வரிசையில் ஒரு அடிக்கு இரண்டு விதை, முளைத்தபின் ஒன்றைக் கிள்ளிவிடுவது. பாத்திக்குப் பாத்தி நடுவில் எல்லையாகக் காராமணி ஒரு வரிசை, வயலைச் சுற்றி ஆமணக்கு.

காராமணியும் ஆமணக்கும் வருமானத்துக்காகப் போட்டவை அல்ல, பூச்சிக்கான பொறிகள். புரொடீனியா என்கிற இலை தின்னும் புழுவின் தாய்ப்பூச்சி ஆமணக்கு இலையைத் தேடிப்போய் முட்டை இடும். சிவப்புக் கம்பளிப்புழுவின் தாய் அந்துப்பூச்சிக்குக் காராமணியும் துவரையும் பிடிக்கும். முட்டைக் குவியலும், பொரித்தவுடன் கூட்டமாக ஒரே இலையைச் சுரண்டித் தின்னும் குஞ்சுப் புழுவும் இருக்கும் இலையைப் பறித்து அழித்துவிட்டால் வேலை முடிந்தது. இலை சல்லடைபோல் வெளுத்துத் தெரியும், தூரத்தில் இருந்தே அடையாளம் காணலாம். புழு வளர்ந்து பிரிந்து நடக்க ஆரம்பித்துவிட்டால் அப்புறம் இயற்கை வழியில் கட்டுப்படுத்துவது கடினம்.

கம்பளிப்புழு விஷயத்தில்தான் கூட்டாகச் செய்ததன் பலன் கண்ணில் பட்டது. இந்தப் பூச்சி வருஷத்தில் ஏறக்குறைய பத்து மாதம் மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகத் தூங்குகிறது, பெரும்பாலும் வரப்பிலும் மரத்தடியிலும். கோடை முடிந்து வலுத்த மழை இறங்கியதும் அந்துப்பூச்சிகள் ஒன்றாகக் கிளம்புகின்றன. ஒரு தாய் எண்ணூறு, ஆயிரம் முட்டை வரை இடும். நான் மட்டும் விளக்குப்பொறி வைத்தால் பக்கத்து வயல் பூச்சியையும் சேர்த்து என் வயலுக்கு வரவழைத்த மாதிரிதான் ஆகும். எங்கள் வயல்களில் பெரும்பாலானவை ஒரே மேட்டில் அடுத்தடுத்து இருந்ததால், மழை விட்ட மறுநாள் இரவு எல்லோரும் ஒரே நேரத்தில் விளக்கு போட்டோம். அடியில் தண்ணீர்த் தட்டு, தண்ணீரில் கொஞ்சம் சோப்புக் கரைசல். குழு வாட்ஸ்அப்பில் அவரவர் தட்டைப் படம் எடுத்துப் போட்டார்கள். யார் தட்டில் அதிகம் என்று போட்டியே நடந்தது. மறுவாரம் காராமணி வரிசைகளைப் பிள்ளைகள் சுற்றிப் பார்த்து இலை பறித்தார்கள். மல்லாட்டைக்குள் புழு வரவே இல்லை என்று சொல்ல மாட்டேன். வேப்பங்கொட்டைக் கரைசலோடு சமாளிக்கிற அளவுக்குள் நின்றது.

களை எடுப்பில் சொல்ல அதிகம் இல்லை. இருபது நாளைக்கு மேல் ஒரு முறை, நாற்பதாம் நாளை ஒட்டி இரண்டாம் முறை. இரண்டாம் முறை மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம். இயற்கைச் சான்றுக்கு ஜிப்சம் ஆகுமா என்று சிலர் சந்தேகப்பட்டார்கள். சுரங்கத்தில் வெட்டி எடுக்கும் இயற்கை ஜிப்சம் என்றால் ஆகும். மல்லாட்டைக் காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து வேர் வழியாக வருவதில்லை. பூவில் இருந்து மண்ணுக்குள் இறங்கிய விழுதும் காயும்தான் பக்கத்து மண்ணில் இருந்து நேராக உறிஞ்சுகின்றன. காய் பிடிக்கும் அந்த மேல் மண்ணில் சத்து இல்லாவிட்டால் காய் பொக்காகிவிடும், உள்ளே பருப்பு இருக்காது. விழுது இறங்கியபின் கொத்து போடக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அறுவடைக்கு வருவோம். பயிர் விளைச்சலை அளக்க வழக்கமாக ஐந்துக்கு ஐந்து மீட்டர் சதுரம் கட்டி அறுப்பார்கள். ஊடுபயிரில் அது உதவாது. 2.1 மீட்டருக்கு ஒரு துவரை வரிசை இருக்கும்போது ஐந்து மீட்டர் அகலத்துக்குள் இரண்டு துவரை வரிசையும் வரலாம், மூன்றும் வரலாம், கயிற்றை எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்து. துவரை விளைச்சல் ஒன்றரை மடங்கு மாறிப்போகும். அதனால் 6:1 பாத்தியில் 4.2 மீட்டர் அகலம், அதாவது இரண்டு முழுச் சுற்று. 4:1-இல் 4.5 மீட்டர், மூன்று சுற்று. 8:1-இல் 5.4 மீட்டர், இரண்டு சுற்று. நீளம் எல்லாவற்றுக்கும் ஐந்து மீட்டர். கயிறு கட்டும்போதே இதை ஐயா சொல்லிவிட்டார். நான் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க மாட்டேன்.

இன்னொரு ஏற்பாடு, துவரைக்கு ஒட்டிய மல்லாட்டை வரிசைகளையும் நடு வரிசைகளையும் தனித்தனிச் சாக்கில் போட்டது. பிடுங்க வந்த பெண்கள் முதலில் சலித்துக்கொண்டார்கள். "ஒரே மல்லாட்டைதானே, எதுக்கு இத்தனை மூட்டை?" ஆனால் காயைப் பறித்துக் கொட்டியதும் அவர்களே, "இந்தச் சாக்குல பொக்கு ஜாஸ்தி" என்று காட்டிக் கொடுத்தார்கள்.

எடை போடுவதில் ஒரு ஒழுங்கு வேண்டியிருந்தது. பச்சைக் காயில் பாதிக்குப் பாதி ஈரம் இருக்கும். ஒருவர் பிடுங்கிய அன்றே எடை போட்டு, இன்னொருவர் காய்ந்தபின் போட்டால் இரண்டையும் ஒப்பிடவே முடியாது. காயைக் குலுக்கினால் கலகலவென்று பருப்பு ஆட வேண்டும், பருப்பை விரலால் தேய்த்தால் தோல் உரிய வேண்டும். அதற்கு முன் யாரும் தராசைத் தொடக் கூடாது என்று பேசிக்கொண்டோம். ஐப்பசி மழை குறுக்கே வந்தது. கொத்து ரகங்களுக்குப் பெரும்பாலும் விதை உறக்கம் கிடையாது, முற்றிய காய் ஈர மண்ணில் கிடந்தால் செடியிலேயே முளைத்துவிடும். மழைக்கு முன் பிடுங்கியவர்கள் தப்பித்தார்கள். தாமதித்தவர்கள் சாக்கில் முளைத்த பருப்பு இருந்தது, அதையும் குறித்துக்கொண்டோம்.

இனி கணக்கு. ஒவ்வொரு வயலின் மண்ணும் மழையும் வேறு என்பதால் கிலோவை நேராக ஒப்பிடவில்லை. அதே வயலில் தனிப்பயிர் தந்ததில் எத்தனை பங்கு என்று மட்டும் பார்த்தோம். எல்லா வயலையும் சேர்த்துச் சுமாராகச் சொன்னால், 6:1-இல் மல்லாட்டை தனிப்பயிரில் 80 சதவீதம், துவரை 55 சதவீதம் கொடுத்தது. 4:1-இல் மல்லாட்டை 66, துவரை 70. 8:1-இல் மல்லாட்டை 84, துவரை 43-க்குப் பக்கம்.

"மல்லாட்டை இருபது சதவீதம் போச்சே" என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றியது. ஆனால் 6:1-இல் மல்லாட்டைக்குக் கொடுத்த இடமே ஏழில் ஆறு பங்கு, அதாவது 86 சதவீதம். துவரையின் போட்டியால் உண்மையில் போனது ஆறு சதவீதம்தான். தனித்தனிச் சாக்கு அதையும் பிரித்துக் காட்டியது. நடு நான்கு வரிசைகளில் தனிப்பயிருக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை, அடி வாங்கியது துவரையை ஒட்டிய இரண்டு வரிசைகள் மட்டும். 4:1-இல் அப்படி ஒட்டிய வரிசைகள் பாதிக்குப் பாதி. துவரைகளும் நெருங்கி நின்றதால் கடைசி மூன்று வாரத்தில் நிழல் கூடிவிட்டது, பொக்கும் கூடியது. இடப்பங்கு 80 இருக்க, கிடைத்தது 66. துவரை பக்கம் கதை தலைகீழ். தனித் துவரைக்கு வரிசை இடைவெளி 90 செ.மீ. விட்டிருந்தோம். அதோடு பார்த்தால் 6:1-இல் செடிகள் 43 சதவீதம்தான், ஆனால் விளைச்சல் 55. மல்லாட்டை போனபின் இரண்டு பக்கமும் திறந்த வெளி கிடைத்த செடி, தனிப்பயிர்ச் செடியைவிட அதிகம் காய்த்திருக்கிறது.

இரண்டு பங்குகளையும் கூட்டினால் வருவதை நிலச் சமான விகிதம் என்கிறார்கள். 6:1-க்கு 0.80-உம் 0.55-உம் சேர்த்து 1.35. கலப்பாக ஒரு ஏக்கரில் கிடைத்ததைத் தனித்தனியாக எடுக்க 1.35 ஏக்கர் வேண்டும் என்று பொருள். 4:1-க்கு 1.36, 8:1-க்கு 1.27. பார்த்தால் மூன்றும் பக்கம் பக்கமாகவே இருக்கின்றன. இந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எந்தக் கணக்கு நல்லது என்று யாராலும் சொல்ல முடியாது.

அதைவிடப் பெரிய கேள்வியை எழுப்பியது தனித் துவரைக்கு இடம் தர மறுத்த அதே அக்காதான். "1.35-ன்னு சொல்றீங்க. மல்லாட்டை மூணரை மாசத்துல நிலத்தை விடுது. துவரை தையில்தான் விடுது. அந்த மூணு மாச வாடகையை யாரு கணக்குல சேர்த்தீங்க?" ஆய்வாளர்களும் இதைக் கேட்டிருக்கிறார்கள். 1987இல் ஹீப்ஷ், மெக்காலம் என்ற இருவர் காலத்தையும் சேர்த்த ஒரு கணக்கைக் கொடுத்தார்கள். மல்லாட்டைப் பங்கை அதன் 105 நாளாலும், துவரைப் பங்கை அதன் 180 நாளாலும் பெருக்கிக் கூட்டி, நிலம் அடைபட்டிருந்த 180 நாளால் வகுக்க வேண்டும். 84-உம் 99-உம் 183. வகுத்தால் 1.02. முப்பத்தைந்து சதவீத லாபம் இரண்டு சதவீதமாகிவிட்டது!

அக்கா சிரித்தார். ஆனால் இந்த எண்ணையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. மல்லாட்டை போனபின் அந்த நிலத்தில் வேறு பயிர் எடுக்க முடிகிறவர்களுக்குத்தான் அந்த மூன்று மாதத்துக்கு விலை உண்டு. அக்காவின் வயல் ஏரிக்குக் கீழே, ஈரம் நிற்கும். அவர் ஐப்பசியில் கொள்ளு தெளித்து எடுத்துவிடுவார். அவருக்கு 1.02 சரியான எண். மேட்டு வயல்காரர்களான எங்களுக்கு அந்த நிலம் சும்மாதான் கிடக்கும். ஆழத்தில் இருக்கும் ஈரத்தைத் துவரை வேர் தவிர வேறு எதுவும் எட்டாது. எங்களுக்கு 1.35 சரி. ஒரே சோதனையைப் பல வயல்களில் செய்ததால்தான் இந்த வித்தியாசம் வெளியே வந்தது. ஒரு ஆராய்ச்சிப் பண்ணையில் மட்டும் செய்திருந்தால் ஒரே விடையோடு திரும்பியிருப்போம்.

சராசரியில் தெரியாத லாபம் இன்னொன்று. மழை தவறிய ஒரு வயலில் மல்லாட்டை பூக்கும் நேரத்தில் காய்ந்து பாதியானது. அதே வயலில் துவரை, பின்னால் வந்த மழையைப் பிடித்துக்கொண்டு நன்றாகவே காய்த்தது. இக்ரிசாட் ஆய்வாளர்கள் ராவ், வில்லி இருவரும் 1980இல் சோளம்–துவரைக் கலப்பில் இதைப் பல இடங்களின் சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஒரு குறிப்பிட்ட வருமானத்துக்குக் கீழே விழுவது தனித் துவரையில் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை, தனிச் சோளத்தில் எட்டு வருஷத்துக்கு ஒரு முறை, கலப்பில் 36 வருஷத்துக்கு ஒரு முறை என்று அவர்கள் கணக்கு. மானாவாரிக்காரன் கடன் வாங்குவது சராசரி வருஷத்தில் அல்ல, தவறிய வருஷத்தில்.

சரி, மூன்று கணக்கும் பக்கம் பக்கம் என்றால் எதை எடுப்பது? அதைத் தீர்மானித்தது டிராக்டர். ஒன்பது கொத்துக் கலப்பையின் அகலம் ஏறக்குறைய இரண்டு மீட்டர். 6:1-இல் துவரைக்கும் துவரைக்கும் 2.1 மீட்டர். மல்லாட்டை பிடுங்கியபின் ஓரக் கொத்துகள் இரண்டைக் கழற்றிவிட்டு நடுவில் ஓட்டினால் துவரை வேருக்குச் சேதம் இல்லாமல் ஒரு இடை உழவு கிடைக்கிறது. களையும் போகிறது, மண்ணும் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. 4:1-இல் 1.5 மீட்டருக்குள் டிராக்டர் டயரே நெருக்கியடித்துக்கொண்டுதான் போகும், கிளைகள் முறியும். ஆளை வைத்துக் கொத்துவதென்றால் இன்றைய கூலிக்குத் துவரை கட்டாது. 8:1-இல் வண்டி தாராளமாகப் போகும், ஆனால் இரண்டு ஓரத்திலும் ஓட்டாத பட்டை நிற்கும், துவரையும் குறைவு. ஏர் மாடு காலத்தில் நாலு சாலுக்கு ஒன்று சரியாக இருந்திருக்கலாம். பெரியவர்கள் சொன்ன கணக்குகள் ஆளுக்கு ஆள் மாறியதற்கும் அவரவர் வீட்டுக் கலப்பையும் மாடும்தான் காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

எள்ளை ஊடுபயிராகப் போட்டுப் பார்த்த ஒருவர் இருந்தார். மல்லாட்டைக்கு முன்னாலேயே முற்றிவிடுவதால், மல்லாட்டைக் கொடியை மிதித்துக்கொண்டு எள் அறுக்க வேண்டியிருந்தது. பூ இலையாகும் நோயும் கொஞ்சம் தெரிந்தது. அடுத்த வருஷம் அவர் எள்ளைத் தனியாக மாசிப்பட்டத்தில் போடுவதாகச் சொல்லிவிட்டார். ஓரத்து ஆமணக்கு எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்தது. குலை குலையாக வெவ்வேறு நேரத்தில் முற்றுவதால் அவ்வப்போது போய் ஒடித்து வர ஆள் இருக்கிற வீடுகளுக்கு அது சரிப்படும்.

கடைசியாக, ஆடு. துவரை ஒழிந்ததற்கு டிராக்டரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. மல்லாட்டை பிடுங்கிவிட்டால் வயல் எல்லோருக்கும் மேய்ச்சல் நிலம் என்பது ஊர் வழக்கம். ஊரே மல்லாட்டையை முடித்துவிட்டபின் ஒருவர் வயலில் மட்டும் பச்சைத் துவரை நின்றால் ஆடு எங்கே போகும்? ஆட்டுக்காரரைத் திட்டியும் பயன் இல்லை, அவருடைய கிடையைத்தான் கோடையில் நாம் எருவுக்குக் கூப்பிடுகிறோம். எங்கள் மேட்டு வயல்கள் ஒன்றாகச் சேர்ந்து இருந்ததால் அந்த மேட்டுக்கு மட்டும் தை அறுவடை வரை மேய்ச்சல் வேண்டாம் என்று பேச முடிந்தது. பதிலுக்கு மல்லாட்டைக் கொடியில் ஒரு பங்கு ஆட்டுக்காரர்களுக்குக் கொடுத்தோம். தனியாகக் கிடந்த ஒரு வயலில் அந்தப் பேச்சு எடுபடவில்லை. துவரை பூக்கும் முன்பே நுனி எல்லாம் மேய்ந்துவிட்டது, அங்கே அளக்க ஒன்றும் மிஞ்சவில்லை.

வருகிற ஆடிக்கு மேட்டு வயல்களில் எல்லோரும் 6:1 போடுகிறோம். நாட்டுத் துவரை விதையை இந்த அறுவடையில் இருந்தே, நிறையக் காய்த்த செடிகளாகப் பார்த்து எடுத்து, சாம்பல் கலந்து வைத்திருக்கிறோம். அக்கா தன் ஏரிக்கரை வயலில் தனி மல்லாட்டையும் அப்புறம் கொள்ளும்தான் போடுவேன் என்கிறார், போடட்டும். அவருடைய வயலின் மொத்தத்தையும் எங்கள் 6:1-இன் மொத்தத்தையும் ஒரே நோட்டில் எழுதி வைப்பதாக இருக்கிறோம். இந்த முறை தனித் துவரைக்கு இரண்டு சென்ட் கேட்டதற்கு யாரும் மறுக்கவில்லை. தனியாகக் கிடக்கும் அந்த வயல்காரர் மட்டும், முதலில் சுற்றி முள்வேலி போட ஆள் அனுப்புங்கள், அப்புறம் சோதனையைப் பேசலாம் என்று சொல்லியிருக்கிறார்.